மாமாவைக் கடலில் அடக்கம் செய்ய வழி உண்டா? (முன்னாள் கடற்படை வீரர், குமரி மாவட்டம் நீரோடி பக்கம்)

கரைவழி மருமகன்:
எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவின் அண்ணன் கடற்படையில் சீஃப் பெட்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார், ஆள் இன்னும் திடமாகத்தான் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மாத்திரை டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் தந்தார். கோடு போட்ட நோட்டுத் தாள், கீழே கையெழுத்து, கூடவே பென்ஷன் ஆர்டர் நகலையும் பின் அடித்து வைத்திருந்தார். தன்னைக் கல்லறையில் வைக்க வேண்டாம், கடலில் விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தது.

மாமா 1971 போரின்போது மேற்குக் கடற்படைப் பிரிவில் ஒரு கப்பலில் இருந்தவர். டிசம்பர் 9 இரவு டையூ கடலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். அதில் இரண்டு பேர் மாமாவோடு பயிற்சி எடுத்தவர்கள். அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசமாட்டார். 'அவனுக கிடக்கிற தண்ணியில நானும் கிடந்தா என்ன' என்று மட்டும் சொல்வார்.

மாமி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். மாமியின் தம்பி ஒக்கிப் புயலில் போனவர், உடல் வரவே இல்லை. 'ஒருத்தனைக் கடல் தின்னது போதாதா, நாமளே கொண்டுபோய்க் குடுக்கணுமா?' என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உடலோடு விட முடியுமா, சாம்பலாகத்தான் விட வேண்டுமா? கடற்படையிடம் கேட்டால் மரியாதை செய்வார்களா? கோயிலில் என்ன சொல்வார்கள்? நாங்கள் லத்தீன் கத்தோலிக்கர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நார்ஃபோக் நர்ஸ்:
தம்பி, நான் மார்த்தாண்டத்துக்காரி, இப்போது அமெரிக்காவில் நார்ஃபோக்கில் வேலை. இங்கே இதற்குத் தனி ஏற்பாடே இருக்கிறது. கடற்படைக்காரர் மட்டுமல்ல, எந்தப் படையிலிருந்தும் நல்லபடியாக விடுவிக்கப்பட்ட வீரர் என்றால் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, பணி விடுவிப்புச் சான்று, எரித்திருந்தால் தகனச் சான்று, இவற்றோடு ஒரு தேசியக் கொடி. அனுப்பி வைக்கும் துறைமுகங்களில் எங்கள் ஊரும் ஒன்று. சான்டியாகோ, ஜாக்சன்வில், பிரெமர்ட்டன், ஹொனலுலு ஆகியவையும் உண்டு. கடலில் இறக்குவதற்குக் கட்டணம் இல்லை, துறைமுகம் வரை கொண்டு சேர்ப்பது குடும்பத்தின் செலவு.

பலருக்கும் தெரியாத சங்கதி, அந்த நேரத்தில் குடும்பத்தார் கூட இருக்க முடியாது. வேலையாகக் கிளம்புகிற போர்க்கப்பலில் ஏற்றிவிடுவார்கள், எப்போது என்பது கப்பலின் பயணத்தைப் பொறுத்தது. மூன்று முறை துப்பாக்கி வேட்டு, பியூகிள், பிரார்த்தனை எல்லாம் மேல்தளத்தில் நடக்கும். பிறகு கேப்டன் ஒரு கடிதம் எழுதுவார். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை என்று அதில் இருக்கும். கொடியும் திரும்பி வரும். என்னோடு வேலை செய்யும் ஒரு அம்மா தன் கணவருக்கு வந்த கடிதத்தைச் சட்டம் போட்டு அடுக்களையில் மாட்டியிருக்கிறார். கேட்டால், அந்த எண்தான் அவருடைய கல்லறை முகவரி என்பார்.

நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் கொரியப் போரில் கடற்படை விமானி. 2012 செப்டம்பர் 14-ம் தேதி ஒரு போர்க்கப்பலிலிருந்து அட்லாண்டிக்கில்தான் அவருடைய சாம்பலை இறக்கினார்கள்.

ஹவில்தார் பாறசாலை:
இது அமெரிக்காவுக்குச் சரி. நம்ம ஊரில் நடப்பதைச் சொல்கிறேன். பணியில் இருக்கும்போது இறப்பதும் ஓய்வு பெற்று வீட்டில் இறப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் படையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதில் கேட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் கிடைத்தது. நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, முதலில் அங்கே மாமாவின் தாளைக் காட்டிப் பேசுங்கள். தென்பிராந்தியக் கடற்படைத் தலைமையகம் கொச்சியில் இருப்பதால் அங்கேயும் ஒரு கடிதம் போடலாம். மாமா உயிரோடு இருக்கும்போதே அவர் கையால் எழுதிப் போகிற கடிதத்துக்கு எடை அதிகம். இறந்த பிறகு மருமகன் ஓடி நடந்தால் மேசை மேசையாகத் தள்ளிவிடுவார்கள்.

கொடி விஷயத்தில் கவனம். பாசத்தில் நீங்களே தேசியக் கொடியை வாங்கிப் பெட்டி மேல் போர்த்திவிடாதீர்கள். அரசு மரியாதை, ராணுவம், துணை ராணுவம், இந்த மூன்று இறுதிச் சடங்குகளுக்கு மட்டும்தான் அனுமதி. 1971-ம் வருடச் சட்டப்படி மற்றதெல்லாம் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. முறையாகப் போர்த்தும்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது. கடலுக்கும் அதே மரியாதைதான், இறக்குவதற்கு முன்னால் எடுத்து மடித்து வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும்.

செகண்ட் மேட்:
சரக்குக் கப்பலில் இருக்கிறேன். உடலோடு கடலில் விடுவது பாய்மரக் காலத்து நடைமுறை. ஐஸ் கிடையாது, கரை மாதக் கணக்கில் வராது, வேறு வழியில்லை. பாய்த் துணியில் வைத்துத் தைத்து, காலடியில் பீரங்கிக் குண்டைக் கட்டி, பலகையைச் சாய்த்துவிடுவார்கள். கடைசித் தையலை மூக்கு வழியாகக் குத்துவது அந்தக் காலத்துக் கப்பல் பழக்கம், ஆள் உண்மையிலேயே இறந்துவிட்டாரா என்று பார்க்கத்தானாம். இப்போது குளிர்பெட்டியில் வைத்து அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுகிறோம்.

அந்தக் காலத்திலும் பெரிய ஆளுக்கு வேறு நியாயம். 1805-ல் ட்ரஃபால்கரில் செத்த சாதாரண மாலுமிகளெல்லாம் கடலுக்குப் போனார்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனை மட்டும் பிராந்திப் பீப்பாயில் போட்டு லண்டனுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

இன்றைய விதிகளைப் பார்த்தாலே உடலோடு விடுவது எவ்வளவு சிக்கல் என்று தெரியும். அமெரிக்கக் கரையில் சாம்பலுக்கு 3 கடல் மைல் தள்ளிப் போனால் போதும். உடல் என்றால் அந்த 3 மைலோடு குறைந்தது 600 அடி ஆழமும் வேண்டும், சில இடங்களில் 1,800 அடி. பெட்டியில் 2 அங்குலத் துளைகள் குறைந்தது 20 போட வேண்டும், அப்போதுதான் தண்ணீர் புகுந்து சட்டென்று இறங்கும். இங்கிலாந்தில் உடலுக்கு உரிமம் வாங்கியாக வேண்டும், அதற்கென்று குறித்த கடற்பகுதிகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. உடலில் அடையாளத் தகடும் கட்டாயம், ஏனென்றால் வலையில் மாட்டி மேலே வந்த கதைகள் உண்டு.

தூத்தூர் வள்ளம்:
மேட் சொன்ன 600 அடி என்றால் எங்கள் கணக்கில் 100 பாகம், பாகம் என்பது ஆறடி. நம் கரையிலிருந்து 3 மைல் ஓடினால் அதில் கால்வாசி கூட வராது. 100 பாகம் தேடிப் போனால் அது தொழிலுக்குப் போகிற ஓட்டம், சவ அடக்கத்துக்குப் போகிற ஓட்டம் இல்லை. அவ்வளவு தூரமும் விசைப்படகுகள் மடி, அதாவது இழுவலை, இழுக்கிற இடம். மடியில் மனித உடல் ஏறினால் என்ன ஆகும் தெரியுமா? பிடித்த மீனை விட்டுவிட்டுக் கரைக்கு வர வேண்டும். கடலோரப் போலீஸ், போஸ்ட்மார்ட்டம், வாக்குமூலம் என்று படகு கட்டிக் கிடக்கும். அதற்குப் பயந்து மடியை அறுத்துவிடுகிற ஆட்களும் உண்டு, மறைத்துப் பேசுவானேன். உங்கள் மாமாவுக்கு அந்தக் கதி வேண்டாம். சாம்பல்தான் சரி.

மாமிக்காகவும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 30-க்குப் பிறகு எங்கள் எட்டு ஊர்களிலும், அந்தப் பக்கம் பொழியூர், பூந்துறை, விழிஞ்ஞம் வரையிலும், ஆள் திரும்பாத வீடுகள் எத்தனை! சுறாவுக்கு ஆழக்கடல் போனவர்கள். ஆள் காணாமல் போனால் இறந்ததாகச் சட்டம் கருத ஏழு வருடம் ஆக வேண்டும், ஒக்கிக்கு அதைத் தளர்த்தித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். பணம் வந்தது. தேதி வரவில்லை. எங்கள் வீட்டில் அண்ணனுக்கு எந்த நாளில் வருடப் பூசை வைப்பது என்று இன்றைக்கும் சண்டை. புறப்பட்ட நாளா, புயல் அடித்த நாளா, தேடுவதை நிறுத்திய நாளா? அந்த நர்ஸ் அக்கா சொன்ன கடிதம், நேரமும் இடமும் எழுதினது, அது மட்டும் எங்கள் கையில் இருந்திருந்தால் என் அம்மா கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

நெய்யாற்றங்கரை வாசி:
எனக்கு இந்தச் சடங்கே கொஞ்சம் மிகையாகப் படுகிறது. கடலில் அடக்கம் என்றால் ஏதோ உச்ச மரியாதை என்று பேசுகிறோம். 2011 மே மாதம் பின்லேடனையும் அமெரிக்கக் கடற்படை கடலில்தான் விட்டது. அங்கே நோக்கம் கல்லறையே இருக்கக் கூடாது என்பது. அதே கடல், அதே பலகை. ஆம்ஸ்ட்ராங்குக்கு அது பெருமை, இவனுக்கு அழிப்பு. அப்படியென்றால் மரியாதை எங்கே இருக்கிறது? கடலில் இல்லை என்றுதானே அர்த்தம்?

இன்னொன்று, 1741-ல் குளச்சலில் பிடிபட்ட டிலனாயை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் வழியாக வந்த டச்சுக்காரர், திருவிதாங்கூர் படைக்கு வலிய கப்பித்தானாகி, அதாவது பெரிய தளபதியாகி, 1777-ல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீனிலும் தமிழிலும் பொறித்த கல்லோடு கிடக்கிறார். இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள். உங்கள் மாமாவுக்கும் ஊர்க் கல்லறையில் ஒரு கல் வைத்தால் பேரப்பிள்ளைகள் நின்று வாசிப்பார்கள். தண்ணீரில் என்ன வாசிப்பது?

ஹவில்தார் பாறசாலை:
நெய்யாற்றங்கரை சாருக்கு: குக்ரியில் போனவர்களுக்கும் டையூவில் கரையில்தான் நினைவிடம், கண்ணாடிக்குள் கப்பலின் மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆள் கடலில், கல் கரையில். இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடு போனார், மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அவருக்கும் தண்ணீரில் கல் கிடையாது. அதற்காக யாரும் மறந்துவிட்டார்களா?

பின்லேடன் உதாரணம் இந்த இடத்தில் வேண்டாம் சார். அங்கே இடத்தை மறைத்தார்கள். இங்கே இடத்தைக் குறித்து வீட்டாரிடம் கொடுக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

உபதேசியார்:
கோயில் பக்கத்தை நான் சொல்கிறேன். கத்தோலிக்கருக்குத் தகனத்தைத் திருச்சபை 1963-லேயே அனுமதித்துவிட்டது, உடலடக்கத்தைத்தான் விரும்புகிறது. ஆனால் 2016-ல் ரோமிலிருந்து வந்த அறிவுறுத்தல் தெளிவாக இருக்கிறது. சாம்பலைக் காற்றிலோ நிலத்திலோ கடலிலோ தூவக் கூடாது. வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்வதற்கும் பொதுவாக அனுமதி இல்லை. கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும்.

தூவுவது வேறு, மூடிய கலத்தோடு ஆழத்தில் இறக்குவது வேறு என்று அமெரிக்க ஆயர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கனமான, மதிப்பான கலமாக இருந்து, திறக்காமல் அப்படியே இறக்கினால் அதை அடக்கமாகவே கருதுகிறார்கள். அங்கத்தைய அடக்கச் சடங்கு நூலில் கடலுக்கென்று தனி மன்றாட்டும் உண்டு. நம் பக்கம் அது தானாகச் செல்லும் என்று நினைக்காதீர்கள். நீரோடியும் தூத்தூரும் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தில் சேர்ந்தவை, ஆகவே பங்குத்தந்தை வழியாக அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும். இப்போதே கேளுங்கள். துக்க வீட்டில் நின்றுகொண்டு சாமியாரிடம் திருச்சபைச் சட்டம் பேசுவது யாருக்கும் நல்லதில்லை.

மாமியிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். விவிலியத்தின் கடைசிப் புத்தகத்தில், கடைசி நாளில் கடல் தன்னிடம் உள்ள இறந்தோரைத் திருப்பி ஒப்படைக்கும் என்று இருக்கிறது. ஒக்கிக்குப் பிறகு வந்த பூசைகளில் அந்த வாசகத்தை வாசிக்கும்போதெல்லாம் என் குரல் தடுமாறியிருக்கிறது.

கரைவழி மருமகன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுவதையும் மாமாவுக்கும் மாமிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பிராந்திப் பீப்பாய் வந்தபோது மாமா சிரித்துச் சிரித்து இருமினார், மாமி முறைத்தார். தூத்தூர் அண்ணன் எழுதியதை வாசிக்கும்போது மாமி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். திரும்பி வர நேரமாயிற்று. வந்து, 'அந்தத் தேதியும் எடமும் எழுதித் தருவாவளா?' என்று கேட்டார். தருவார்கள், இல்லையென்றால் நாமே குறித்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கு மேல் மறுப்பும் சொல்லவில்லை, சரியும் சொல்லவில்லை.

மாமாவின் பங்குக்கு அவரும் இறங்கி வந்தார். வேட்டுச் சத்தம் வேண்டாம், போர்க்கப்பலும் வேண்டாமாம். 'கொச்சிக்கு எழுது, வந்தா வரட்டும். வரலன்னா ஊரு வள்ளம் போதும். நான் கடல் படிச்சது வள்ளத்துலதான், கப்பலுக்குப் பொறவுதான் போனேன்' என்றார். கல்லறைச் சுவரில் ஒரு பலகை வைக்கவும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: மச்சான் பெயரும் அதில் வர வேண்டும், தன் பெயருக்கு மேலே. மாமி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி கருவாட்டுக் குழம்பு வைத்தார், அது மாமாவுக்கு மட்டும் பிடித்த சாமான்.

இனி நடைமுறை. சாம்பலை எதில் வைப்பது, எந்தத் துறையிலிருந்து போவது?

செகண்ட் மேட்:
பெரிய ஆளுடைய தகனச் சாம்பல் இரண்டு, மூன்று கிலோ வரும். மூடி இறுக்கமான மண்கலம் போதும், ஆனால் உள்ளே காற்று நின்றால் மிதக்கும். கலத்தின் அடியில் ஆற்று மணலோ சல்லியோ நிரப்பி எடை ஏற்றுங்கள். உப்பைக் கட்டியாக்கிச் செய்த கலங்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றன, தண்ணீரில் கரைந்துவிடும். உபதேசியார் சொன்ன கணக்குப்படி உங்களுக்கு அது ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், நைலான் கயிறு, பாலித்தீன் மாலை எதுவும் கூடப் போகக் கூடாது. இறக்கும்போது படகை நிறுத்தி, காற்றுக்கு மறைவான பக்கம் நின்று, கயிற்றில் தாழ்த்தி இறக்குங்கள். எறியாதீர்கள். ஜி.பி.எஸ். கருவியில் அந்த இடத்தைச் சேமித்து, எண்களைக் கையோடு ஒரு தாளில் எழுதிப் படகில் இருந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். போனில் மட்டும் வைத்தால் போன் போனால் அதுவும் போய்விடும்.

ஹவில்தார் பாறசாலை:
காகிதம் மறக்க வேண்டாம். எல்லையில் இருப்பவர்களுக்கு இதில்தான் குழப்பம். இறப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவு, 21 நாளுக்குள். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் இறந்தால் கேரளத்தில்தான் சான்று வரும், ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்பது கணக்கில்லை. தகனத்துக்குத் தைக்காடு சாந்தி கவாடம் போனால் அங்கே கொடுக்கிற ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் தகனத்துக்குச் சாட்சி. மாமிக்குக் குடும்பப் பென்ஷன் மாற்றவும் அந்த இறப்புச் சான்றுதான், ஆகவே பிரதிகள் நிறைய எடுங்கள்.

தூத்தூர் வள்ளம்:
துறைக்கு வருகிறேன். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மழைக்காலத்தில் ஆளை வாரும், அங்கே கவிழ்ந்த படகுகளின் கதை ஊருக்கே தெரியும். விழிஞ்ஞம் பரவாயில்லை, ஆனால் அது அடுத்த மாநிலம், கேள்வி கேட்பார்கள். மீன்பிடி வள்ளத்தில் ஆள் ஏற்றிப் போவதால் கடலோரப் போலீஸுக்கும் மீன்துறைக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், கையில் அடையாள அட்டை.

ஜூன், ஜூலை மட்டும் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டு மேற்குக் கரையில் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் 61 நாள் தடை, கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து 52 நாள். வள்ளத்துக்குத் தடை இல்லைதான், ஆனால் அந்தக் கடலில் மாமியை ஏற்றினால் பாவம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை விடியற்காலையில் கடல் தட்டையாகக் கிடக்கும். சாம்பல்தானே, காத்திருக்கும். ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வள்ளம் நான் தருகிறேன். வாடகை பேச வேண்டாம், டீசல் மட்டும் ஊற்றுங்கள்.

கரைவழி மருமகன்:
அண்ணே, பெரிய உபகாரம். ஜூன், ஜூலை ஆகாது என்று மாமாவிடம் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய தாளை எடுத்தார், கடைசி வரிக்குக் கீழே எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்தால், மழைக்காலத்தில் சாகமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன், சாட்சிக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருக்கிறார். முதல் சாட்சியாக மாமி போட்டுவிட்டார். இரண்டாவதுக்கு என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறார்.